தேசிய அணிக்குக் கலைவாணி வந்த விதம்

மலேசியாவின் தேசியக் காற்பந்து அணிக்கு மேனேஜர் இல்லை என்று செய்தி வந்தால் போதும், ஈப்போவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ‘மாமாக்’ சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றிலும் தேர்வுக் குழு கூடிவிடும். போன மாதமும் கூடியது. நான் காலையில் தோசை வாங்கும் கடையில், கல்லாவில் இருக்கும் சலீம் நானா என்னைக் கண்டதும் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

“புஷ்பாக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க லா. ஒரு பிரேசில்காரனைப் புடிச்சுப் போடச் சொல்லுங்க. எல்லாம் சரியாயிரும்.”

“நான் ரிட்டயர் ஆயிட்டேன் நானா.”

“ரிட்டயர் ஆனா என்ன? போன் நம்பர் இருக்குல்ல?”

பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த டாக்சிக்காரர் விடவில்லை. “பிரேசில்காரன் சரிப்பட மாட்டான் அண்ணே. ஜப்பான்காரன்தான் வேணும். நம்ம பிள்ளைங்களுக்கு டிசிப்பிளின் பத்தல” என்றார். இருவரும் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். நான் தோசையை வாங்கிக்கொண்டு மெல்ல நழுவினேன். சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வேலைக்குள் இருந்து பார்த்தவள் என்பதால் முழுதாகச் சிரிக்கவும் முடியவில்லை.

அன்று சாயந்திரமே காயத்ரி தொலைபேசியில் அழைத்தாள். தேசியக் காற்பந்து அலுவலகத்தில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். “அக்கா, தேர்வுக் குழு வேலை என் தலையில வந்து விழுந்திருக்கு. ஆளாளுக்கு ஒரு பேரு சொல்றாங்க. நீங்கள்லாம் அப்ப எப்படித்தான் செஞ்சீங்க?” என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்கிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் எனக்கே ஆசை வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் என்று இருக்க வேண்டாமே என்று எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பாவுக்கு வார நாள்களில் பால்வெட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து அணியின் கோல்கீப்பர் வேலை. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். தட்டச்சு படித்தேன். மாநிலக் காற்பந்து அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். வேலை பார்த்துக்கொண்டே விளையாட்டு நிர்வாகம் படித்தேன். பிறகு கோலாலம்பூரில் தேசிய அலுவலகம். நான் ஒரு நாளும் பூட்ஸ் மாட்டிப் பந்தை உதைத்தவள் அல்லள். ஆனால் பந்தை உதைப்பவர்களுக்குத் தலைவர் தேடும் குழுவின் செயலாளராக, ஓய்வு பெறும்வரை இருந்தேன். ஆண்கள் அணி, பெண்கள் அணி, இளையோர் அணி என்று எத்தனையோ நியமனங்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. அதை நான் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் சொல்வேன்.

நான் அருகிலிருந்து பார்த்த முதல் நியமனம் ஒரு வெளிநாட்டவருடையது. ஹோட்டல் மண்டபத்தில் நேர்காணல். திரையில் அம்புக்குறிகள் அங்கும் இங்கும் பறந்தன. பச்சைத் திடலின் படத்தில் சிவப்புப் புள்ளிகள் ஓடின. குழுவில் இருந்தவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். அவருக்கே வேலை என்று அன்றே முடிவாகிவிட்டது. அவர் வந்து சேர்ந்து முதல் பயிற்சி அட்டவணையை ஒட்டினார். நண்பகலில் ஓட்டம், மாலையில் மறுபடியும் ஓட்டம். நோன்பு மாதம் அது. அணித் தலைவர் நேராக என்னிடம் வந்து, “காக் புஷ்பா, நீங்க போய்ச் சொல்லுங்க. எங்களுக்குச் சங்கடமா இருக்கு” என்றார். மலாய்க்காரப் பிள்ளைகள் என்னை அக்கா என்ற பொருளில் ‘காக்’ என்றுதான் அழைப்பார்கள். நான் போய்ச் சொன்னதும் அந்த மனிதரின் முகம் வெளிறிவிட்டது. “இதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் அவரிடம் எல்லாம் கேட்டோம், எதையும் சொல்லவில்லை. கெட்டவர் அல்லர். ஆனால் அந்த முதல் மாதத்தில் விழுந்த விரிசல் கடைசிவரை ஒட்டவில்லை. ஒப்பந்தம் முடியுமுன்பே போய்விட்டார்.

அதன் பிறகுதான் டத்தோ ஹம்டான் எங்கள் குழுவுக்குத் தலைவராக வந்தார். டத்தோ என்பது சுல்தான் தரும் பட்டம், நாங்கள் அவரை அப்படித்தான் அழைப்போம். பாரிட் புந்தார்க்காரர். பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், பல காலம் நடுவராக விசில் ஊதியவர். மெதுவாகப் பேசுவார். கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார். மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார மாட்டார், கதவோரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வார். மனுதாரர் உள்ளே வரும்போது முதலில் யாரைத் தேடிப் பார்க்கிறார், யாருக்குக் கைகொடுக்கிறார் என்பதை அங்கிருந்து கவனிப்பார். பதவி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

தேர்வு முறை முழுவதையும் அவர் மாற்றினார். மனுதாரர் தன்னைப் பற்றி விசாரிக்கச் சொல்லிப் பெரிய மனிதர்களின் பெயர்களைக் கொடுப்பார் அல்லவா? அவர்களைக் கடைசியில் கூப்பிடு என்பார். “முதலில் பஸ் ஓட்டினவரைக் கண்டுபிடி. ஜெர்சி துவைத்தவரைக் கண்டுபிடி. திடலுக்குப் புல் வெட்டினவரிடம் பேசு. பெரியவர்கள் முன்னால் எல்லோரும் நல்லவர்கள்தான், புஷ்பா.”

அந்தத் தொலைபேசி வேலை என்னுடையது. ஒரு முறை உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவர் இளையோர் அணிக்கு மனுச் செய்திருந்தார். சிரித்த முகம், நல்ல பேச்சு, கோப்பைகள் வாங்கிய வரலாறு. அவருடைய பழைய அணிக்குப் பஸ் ஓட்டிய முனியாண்டி அண்ணனை லகாட்டில் தேடிப் பிடித்தேன்.

“நல்ல மனுஷன் லா, குறை சொல்ல முடியாது” என்றார் அவர். பிறகு, “ஆனா தோத்த அன்னிக்கு மட்டும் பஸ்ஸுல ஏற மாட்டாரு. சொந்தக் கார்ல போயிருவாரு. பிள்ளைங்கதான் என்கூட வருவாங்க, பேச்சே இருக்காது” என்றார்.

நான் அதை அப்படியே கூட்டத்தில் சொன்னேன். டத்தோ தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பெயர் அதற்கு மேல் நகரவில்லை.

இரண்டாவது, திடல். மனுதாரர் தமக்குப் பழக்கமில்லாத ஆட்டக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டும். குழு, பார்வையாளர் இருக்கைகளில் உட்கார்ந்து பார்க்கும். முடிந்ததும் டத்தோ கீழே இறங்கிப் போய் ஓர் ஆட்டக்காரரிடம் பேசுவார். திறமையில் முதலாவதாக இருப்பவரிடம் போக மாட்டார். ஓரத்தில் நிற்கிற மாற்று ஆட்டக்காரரிடம் போய், “இன்றைக்கு உனக்கு என்ன புரிந்தது?” என்று கேட்பார்.

அதன் பிறகுதான் நேர்காணல். உங்கள் ஆட்டத் தத்துவம் என்ன என்று அங்கே யாரும் கேட்கக்கூடாது. டத்தோ எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேட்பார்: “நீங்கள் கடைசியாக அணியிலிருந்து நீக்கிய ஆட்டக்காரரிடம் அந்தச் செய்தியை எப்படிச் சொன்னீர்கள்?” எத்தனையோ சூரர்கள் அந்தக் கேள்வியில் தண்ணீர் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில், யாரும் வாய் திறக்குமுன் ஒவ்வோர் உறுப்பினரும் தம் முடிவை எழுதித் தர வேண்டும். பெரிய குரல் உள்ளவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

இனி கலைவாணி விஷயம். என் உத்தியோகத்திலேயே கடினமான நியமனம் அது. நான் மார்தட்டிக்கொள்வதும் அதைத்தான்.

பெண்கள் தேசிய அணிக்கு அப்போது மேனேஜர் இல்லை. எங்கள் பக்கத்தில் மேனேஜர் என்றால் வெகுகாலம், பயண ஏற்பாடு, சாப்பாடு, தங்குமிடம் கவனிக்கிற ஒரு பிரமுகர்தான். பயிற்சி கொடுப்பவர் வேறு, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு. தோற்றால் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். இந்த முறை பயிற்சி, தேர்வு, பொறுப்பு எல்லாம் ஒரே ஆளிடம் என்று முடிவு செய்திருந்தோம். கடைசிச் சுற்றுக்கு இருவர் வந்தார்கள்.

ஒருவர் யான் என்ற டச்சுக்காரர். பல நாடுகளில் பெண்கள் அணிகளை வளர்த்தவர். அணிக்கு ஆதரவு தந்த நிறுவனத்தின் பிரதிநிதிக்கு அவர்மேல்தான் கண். அவர் படத்தைப் போட்டு விளம்பரம் செய்யலாம் என்பது அந்தப் பிரதிநிதியின் எண்ணம், அதை அவர் மறைக்கவும் இல்லை.

இன்னொருவர் கலைவாணி. பாகான் டத்தோ என்ற ஊரில் ஒரு தென்னந்தோட்டத்தில் வளர்ந்தவர். தேசிய அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடியவர். ஒரு கிளப்புக்காக ஆடும்போது முழங்கால் கிழிந்து ஆட்டம் முடிந்துபோனது. பிறகு பயிற்றுநர் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறி, பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே மாநிலப் பெண்கள் அணியை நடத்திக்கொண்டிருந்தார். அதற்குமுன் நான் அவரை நேரில் பார்த்தது கூட இல்லை.

பெயர்களை வாசித்தபோது உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “புஷ்பாவுக்கு இந்தப் பேர் சந்தோஷமா இருக்குமே” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கூட்டம் முடிந்ததும் டத்தோவிடம் போனேன். நாங்கள் மலாயில்தான் பேசுவோம்.

“டத்தோ, அந்தப் பொண்ணு என் இனம். நான் இதுல இருந்தா நாளைக்குப் பேச்சு வரும். இந்த ஒரு தடவ ஒதுங்கிக்கிறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை காலம் எத்தனை மலாய்க்கார மனுதாரர்கள் வந்தாங்க. நான் ஒரு தடவையாவது ஒதுங்கினேனா? ஒதுங்குங்கன்னு யாராவது என்கிட்டச் சொன்னாங்களா?”

நான் கையிலிருந்த கோப்புகளை அவர் மேசைமேல் வைத்தேன்.

“ஒதுங்காதே. ஆனா பேசுறவங்களுக்கு வாய்ப்பும் குடுக்காதே. அவளைப் பற்றி விசாரிக்கிற வேலையை அஸ்மான் செய்யட்டும். அந்த டச்சுக்காரரைப் பற்றி நீ விசாரி.”

அஸ்மான் என் சக ஊழியர். அவர் பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கமெல்லாம் தொலைபேசியில் அலைந்தார். நான் யான் வேலை செய்த ஊர்களைத் துருவினேன். உள்ளுக்குள் எங்கோ, ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்று மனம் எதிர்பார்த்திருக்கலாம். கிடைக்கவில்லை. அவருடைய பழைய அணியில் துணி துவைத்த பெண்மணி, அங்கிருந்து போனபிறகும் அவர் ஒவ்வொரு வருடமும் தம்மை வாழ்த்துச் சொல்லி அழைக்கிறார் என்றார். கேட்டதை ஒரு சொல் குறையாமல் குழு முன்னால் வைத்தேன். டச்சுக்காரருக்கு நான் செய்தது சரியான வேலை என்பதில் எனக்கு இன்றும் திருப்தி.

திடல் தேர்வு ஈப்போவில் நடந்தது. அணி அப்போது இங்கேதான் முகாமிட்டிருந்தது. யானுக்குக் காலை, கலைவாணிக்கு மாலை. சீட்டுப் போட்டு எடுத்தது. யானின் ஒரு மணி நேரம் கண்ணுக்கு விருந்து. பெண்கள் ஓடிய ஓட்டத்தில் அத்தனை உற்சாகம். குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாலையில் கலைவாணி திடலில் இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கிந்தா மலைகளின் பக்கம் வானம் கறுத்தது. இடி இடித்தது. எல்லோரும் பார்வையாளர் மாடத்தின் அடியில் இருந்த சிமெண்டுத் தரைக்கு ஓடினோம். மழை தகரக் கூரையில் கொட்டியது. தேர்வை வேறு நாளுக்குத் தள்ளலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். கலைவாணி டத்தோவைப் பார்த்து, “இங்கேயே செய்யலாமா?” என்று கேட்டார். டத்தோ சரி என்றார்.

கலைவாணி தற்காப்பு ஆட்டக்காரர்களையும் கோல்கீப்பரையும் அந்தச் சிமெண்டுத் தரையில் அவரவர் இடத்தில் நிறுத்தினார். “எல்லாரும் கண்ணை மூடுங்க. உங்க வலது பக்கம் யார்? பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. எனக்குக் கேக்கணும்.” மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. “மழையை விடச் சத்தமா!” என்றார். முதலில் முனகினார்கள். பிறகு கத்தினார்கள். ஆளை இடம் மாற்றி நிறுத்தினார், மறுபடியும் கண்ணை மூடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த மாடத்தின் அடி முழுவதும் பெயர்களாக ஒலித்தது. பந்து எதுவும் உருளவில்லை.

முடிந்ததும் டத்தோ வழக்கம்போல ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் போனார். மாற்றுக் கோல்கீப்பர், அணியிலேயே இளையவள். அவள் தயங்கிச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“முன்னால நிக்கிறவங்க எல்லாம் எனக்கு மூத்த அக்காங்க. பேர் சொல்லிக் கத்தினா மரியாதைக் குறைவுன்னு இருந்தேன். கத்தணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது.”

அணி அதுவரை ஆட்டத்துக்கு ஆட்டம் ஏன் அத்தனை கோல்களை வாங்கியது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு மரியாதை கற்றுக்கொடுக்கிறோம். கோல் முனையில் நிற்கிற பிள்ளைக்கு அது வாயைக் கட்டிவிட்டிருக்கிறது. யானுக்கு இது தெரிய வழியே இல்லை.

நேர்காணலில் டத்தோவின் கேள்விக்கு யான், பெயர்ப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவதாகவும், அதுவே தொழில்முறை நாகரிகம் என்றும் சொன்னார். அடுத்துக் கலைவாணியிடம் அதே கேள்வி. “அவ வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என்னைத் திட்டினா. திட்டி முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்” என்றார். அவ்வளவுதான்.

உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்த முடிவுகளை அஸ்மான் பிரித்து எண்ணினார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் கலைவாணி.

நான் மகிழ்ச்சியோடு அவரை அழைத்தேன். மறுமுனையில் அவர் நன்றி சொன்னார், யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“ரொம்ப நன்றிக்கா. ஆனா நான் வரல. அந்த டச்சுக்காரருக்கே குடுத்துருங்க.”

என்ன ஏது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. டத்தோவிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. “நேர்ல போய்ப் பார். கூட்டிக்கிட்டு வரணும்னு போகாதே. என்னன்னு கேட்டுட்டு வா” என்றார்.

பாகான் டத்தோவுக்குப் போகும் சாலையின் இருபக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனையும் தென்னையுமாக மாறி மாறி வரும். கலைவாணி பள்ளித் திடலில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டு நின்றார். அவர் கணவர் முருகன் தேங்காய் வியாபாரி. இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, “நான் ஒண்ணும் சொல்லலக்கா. போன்னுதான் சொன்னேன். அவதான் மாட்டேங்கிறா” என்று தன்மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்.

திடலோரத்து மரநிழலில் உட்கார்ந்தோம். நான் பேச வாயெடுக்குமுன் கலைவாணி கேட்டார்.

“அக்கா, எனக்கு முன்னாடி இருந்தவங்க எத்தனை பேரு காண்ட்ராக்டை முழுசா முடிச்சாங்க?”

பொய் சொல்ல முடியவில்லை. “யாரும் இல்லம்மா.”

“யாரை ஆடவிடணும்னு நான்தான் முடிவு பண்ணுவேனா? இல்ல, போன் வருமா?”

“நீதான்னு பேசியிருக்கோம்.”

“பேசியிருக்கீங்க. எழுதியிருக்கீங்களா?”

ஒப்பந்த நகல் என் பையில்தான் இருந்தது. அதில் அது எழுதப்படவில்லை.

அவர் தம் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். “எனக்குக் கால் போனப்ப அந்தக் கிளப்புல இருந்து ஒருத்தரும் வந்து பாக்கலக்கா. எங்கப்பா மோட்டார் சைக்கிள்ல பின்னால உட்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு அலைஞ்சாரு. நாளைக்கு என் பொண்ணுங்கள்ல ஒருத்திக்குக் கால் போச்சுன்னா யாரு பார்த்துக்குவா? நான் ‘ஓடு’ன்னு சொல்லி ஓடி விழுந்தவளுக்கு, நான் என்ன பதில் சொல்றது? அணியோட கூடவே ஒரு பிசியோ வேணும். அடிபட்டா குணமாகுற வரைக்கும் பார்க்கணும். அது இல்லாம அந்த நாற்காலியில நான் எப்படி உக்கார்றது?”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். நாங்கள் அவரை நேர்காணல் செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையான நேர்காணல் அந்த மரநிழலில்தான் நடந்தது, அதில் நாங்கள் தேறவில்லை. “நீ சொல்றது நியாயம். போய்ச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

குழு மறுபடியும் கூடியது. ஆதரவு நிறுவனத்தின் பிரதிநிதியும் வந்திருந்தார். நான் கலைவாணி கேட்டதை அப்படியே சொன்னேன்.

“ஆரம்பத்திலேயே இவ்வளவு நிபந்தனையா?” என்றார் ஓர் உறுப்பினர். “தேசிய அணிக்குக் கூப்பிட்டா ஓடி வரணும். இவங்க நம்மளைப் பேரம் பேசுறாங்க.”

பிரதிநிதி உடனே, “யான் தயாரா இருக்காரு. இன்னிக்கே போன் பண்ணலாம்” என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. டத்தோ எதுவும் பேசவில்லை. அவர் வழக்கம் அது, எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் பேசுவார். ஆனால் அன்று அதற்குள் முடிவு கைநழுவிவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

செயலாளருக்கு வாக்கு இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லலாம், கருத்துச் சொல்லும் வழக்கம் இல்லை. அத்தனை வருடங்களில் நான் அந்த எல்லையைத் தாண்டியதும் இல்லை. அன்று நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். என் இனத்துப் பெண்ணுக்காகப் பேசுகிறேன் என்று நினைப்பார்கள் என்று தெரியும். நினைத்தால் நினைக்கட்டும் என்று தோன்றியது.

“டத்தோ, நான் ஒண்ணு சொல்லலாமா?”

அவர் கையை நீட்டி, சொல் என்றார்.

“யானோட ஏஜெண்டு அனுப்பின ஒப்பந்த வரைவும் என்கிட்டதான் வந்துச்சு. அணியைத் தேர்ந்தெடுக்கிற முழு உரிமை அவருக்குன்னு இருக்கு. முழுநேர பிசியோ வேணும்னு இருக்கு. காயம்பட்டவங்களுக்குச் சிகிச்சை உறுதி வேணும்னு இருக்கு. கலைவாணி கேட்டது எல்லாம் அதுல இருக்கு, அதுக்கு மேலயும் இருக்கு. அதை வாசிச்சப்ப நீங்க எல்லாரும் என்ன சொன்னீங்க? ‘தொழில் தெரிஞ்ச மனுஷன்’னு சொன்னீங்க. அவர் கேட்டா தொழில். நம்ம பொண்ணு கேட்டா பேரமா?”

முதலில் பேசிய உறுப்பினர் என்னைப் பார்க்காமல், “அது… நானும் அப்படித்தான் சொன்னேன்” என்றார். நேர்மையான மனிதர். அவர் அதை ஒப்புக்கொண்டதும் அறையின் இறுக்கம் தளர்ந்தது.

டத்தோ பிறகு பேசினார். “நாம தேர்ந்தெடுத்தாச்சு. மாத்துறதா இருந்தா, அவளைவிட அவர் சிறந்தவர்னு யாராவது காரணம் சொல்லுங்க. கேள்வி கேட்டாங்கிறது காரணம் இல்லை.”

யாரும் சொல்லவில்லை. கலைவாணி கேட்டவை ஒப்பந்தத்தில் ஏறின, அதை வாசித்துப் பார்த்து அவர் கையெழுத்திட்டார். பிரதிநிதியும் பிறகு தானாகவே முன்வந்து பிசியோவுக்கு ஏற்பாடு செய்தார் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். அவர் மனம் வைத்தது விளம்பரத்தில்தான், ஆனால் வழியை மறித்தவர் அல்லர். யானுக்கு நானே போன் செய்து முடிவைச் சொன்னேன். அவர் கலைவாணிக்கு வாழ்த்துச் சொன்னார். கண்ணை மூடி நிறுத்திய பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும் அதைத் தாமும் செய்து பார்க்கப்போவதாகவும் சொன்னார்.

நியமனத்தோடு கதை முடிந்துவிடும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். காயத்ரி, உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான். கலைவாணியின் முதல் ஆட்டங்கள் எல்லாம் தோல்வி. பத்திரிகைகள் எழுதின. சமூக ஊடகங்களில் எழுதியதை இங்கே எழுத முடியாது. அவர் மூத்த ஆட்டக்காரர் ஒருவரை நீக்கியபோது கூச்சல் இன்னும் பெரிதானது. அந்த ஆட்டக்காரர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து திட்டு வாங்கிவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. தினமும் யாராவது டத்தோவை அழைத்து, எப்போது மாற்றப்போகிறீர்கள் என்பார்கள். அவர், “ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்தேன், இன்னும் முடியவில்லை” என்று மட்டும் பதில் சொல்வார். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் நடுத்திடல் ஆட்டக்காரி ஃபாராவுக்கு முழங்கால் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து அவள் கண் விழித்தபோது பக்கத்தில் கலைவாணி இருந்தார். பிசியோ அவளை நாள்தோறும் நடக்க வைத்தார், பிறகு ஓட வைத்தார். மறு பருவத்தில் அவள் திடலுக்குத் திரும்பினாள். அதைப் பார்த்த மற்றப் பெண்களிடம் ஒரு மாற்றம் வந்தது. பந்துக்குப் போகும்போது காலைப் பின்னுக்கு இழுப்பது நின்றுபோனது. விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பருவத்தில் ஈப்போவில் ஓர் ஆட்டம். எதிரணி எங்களை வழக்கமாக வாரிச் சுருட்டிக்கொண்டு போகிற அணி. நான் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று கோல் முனையில் நின்றவள், மழையில் டத்தோவிடம் பேசிய அந்த இளையவள். கடைசி நிமிடங்களில் எதிரணி மேலும் மேலும் நெருக்கியபோது அவள் குரல் மேல் வரிசைவரை கேட்டது. மூத்தவர்களை எல்லாம் மொட்டைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றோம். விசில் ஊதியதும் என்னை அறியாமல் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத சீனப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

அதற்குப் பிறகும் தோற்றோம், வென்றோம், மறுபடி தோற்றோம். ஆனால் கலைவாணி தம் ஒப்பந்தத்தின் கடைசி நாள்வரை இருந்தார். அந்தப் பதவியில் அப்படி இருந்த முதல் ஆள் அவர்தான். நீடிக்கச் சொல்லிக் கேட்டோம். பிள்ளைகள் வளர்கிறார்கள், ஊருக்குப் போகிறேன் என்றார். நிருபர்கள் வந்தார்கள். மேனேஜர்கள் நீக்கப்படுவதையே எழுதிப் பழகியவர்களுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒருவர், “ஏன் போறீங்க? உள்ளே என்ன பிரச்சினை?” என்றார்.

“காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு லா” என்றார் கலைவாணி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நான் அவரைக் கார் நிறுத்துமிடம்வரை கொண்டுபோய் விட்டேன். முருகன் பின்பக்கத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கலைவாணி கதவைத் திறந்தவர், ஏறாமல் நின்றார்.

“அடுத்த ஆளு பார்த்துட்டீங்களாக்கா? தேடி அலையணுமா?”

“தேடவே இல்லம்மா. மனு வந்து குவிஞ்சு கிடக்கு. கிளந்தான், சபா, ஜொகூர்னு எல்லா ஊர்ல இருந்தும் வந்திருக்கு. பாதிக்கு மேல பொம்பளைங்க.”

“நெசமாவா?”

“நானே பிரிச்சுப் பார்த்தேன்.”

அவர் அலுவலகக் கட்டடத்தை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் கையை அழுத்திவிட்டுக் காரில் ஏறினார். கார் போன பிறகு நான் மாடிக்குப் போனேன். அஸ்மான் காத்திருந்தார். மனுக்களை இருவரும் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டோம். தொலைபேசியை எடுத்து, முதல் மனுதாரரின் பஸ் ஓட்டுநரைத் தேட ஆரம்பித்தேன்.